பாக்கியம் மச்சாளின் ஈரல்

கோயம்புத்தூரிலிருந்து நான் எடுத்துப்போனவை: எச்சில் சேகரிக்கும் குழாய்கள் ஒரு பெட்டி, குடும்ப மரம் வரைவதற்கான தாள்கள், மூன்று நிறப் பேனாக்கள், கொசு மருந்து, குடை. மட்டக்களப்பில் இறங்கிய அன்றே உதவியது குடை மட்டும்தான். தாள்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அந்த ஊர்க்காரர்கள் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

புளியந்தீவில் அறை. எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் தண்ணீர் வந்துவிடுகிறது. மழை விட்ட நேரத்தில் வாவியைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளங்களுக்குக் கரை உண்டு, அளவு உண்டு. இது முடிகிற இடமே தெரியவில்லை. வானத்தின் சாம்பல் நிறமும் தண்ணீரின் சாம்பல் நிறமும் ஒட்டிக்கொண்ட இடத்தில் ஒரு தோணி அசையாமல் நின்றது.

இரவு சாப்பாட்டுக்குப் பக்கத்துக் கடை. புட்டு, இறால் குழம்பு, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊர்ப் புட்டு இனிப்பைத் தேடும். இது காரத்தையும் மீனையும் தேடுகிறது. கடைக்காரர் எனக்கு மேலும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுக் கேட்டார்.

“எங்கட வாவியில மீன் பாடுறதக் கேக்கவா வந்த நீங்க?”

“இல்லைங்க. தோல் நோய் பற்றி ஒரு ஆராய்ச்சி.”

“அதுக்கு ஏன் கடல் தாண்டி வாறீங்க? இந்தியாவில ஒருத்தருக்கும் சொறி இல்லையா?”

நியாயமான கேள்வி. நான் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழு இரண்டு நோய்களைச் சேர்த்துப் பார்க்கிறது. ஒன்று சொரியாசிஸ்: முழங்கை, முழங்கால், தலை என்று தோல் சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிர்வது. மற்றது, மது தொடாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்வது. ஒன்று உடம்பின் வெளிப்பக்கம், மற்றது நடு உள்ளே. ஆனால் தோலில் இந்த நோய் உள்ளவர்களைச் சோதித்தால், மற்றவர்களைவிட அதிகமானோருக்குக் கல்லீரலிலும் கொழுப்பு இருக்கிறது. மட்டக்களப்பில் தோல் நோய் பார்க்கும் மருத்துவர் சுகந்தியும் தன் நோயாளிகளிடம் இதைக் கவனித்திருந்தார். குடும்பம் குடும்பமாகப் பார்ப்போம் என்று எங்கள் குழுவை அழைத்தவர் அவர்தான். இதை எல்லாம் கடைக்காரருக்குச் சொன்னேன். அவர் தன் முழங்கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் சுகந்தியின் கிளினிக்கில் உட்கார்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் இந்த நோய் எனக்கு நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. அந்த வரிசையில் எங்கெங்கோ சில எழுத்துகள் மாறியிருக்கும், அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இங்கே முதல் முறையாக அதை ஆளாகப் பார்த்தேன். ஒருவர் சட்டையைக் கழற்றினார். முதுகு முழுவதும் தீவுகள், தீவுகளின் ஓரமெல்லாம் சிவப்பு. தோலின் அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்க வேண்டும். இங்கே சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. எதிரியே இல்லாத இடத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் ‘வா, வா’ என்று கூவிக்கொண்டே இருக்கின்றன. செல்கள் நம்பி ஓடி வருகின்றன.

அன்று கடைசியாக வந்தவர்கள் மூன்று பேர். யோகராசா ஐம்பது தாண்டியவர், நெல் விவசாயி. நோய் அவருக்கு. அவருடைய தங்கை செல்வராணியும், செல்வராணியின் மகள் விஜியும் கூட வந்திருந்தார்கள். விஜி முன்பள்ளி ஆசிரியை. செல்வராணி நேராக என்னிடம் வந்தார்.

“இந்தியாவில இருந்து வந்திரிக்கிற மிஸ் நீங்கதானே? உங்கட மெசினுக்கு எல்லாம் தெரியுமாம். இவளுக்கு இந்த வருத்தம் வராது எண்டு பாக்கியத்துக்கிட்ட வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்க.”

வருத்தம் என்றால் இங்கே நோய். பாக்கியம் மாப்பிள்ளையின் தாய். கல்யாணம் பேசி முடித்து, நாள் பார்க்கப் போகும் நேரத்தில், பெண்ணின் தாய்மாமனுக்குச் செதில் என்று யாரோ அவருக்கு நினைவுபடுத்தியிருக்கிறார்கள். பாக்கியம் பேச்சை நிறுத்திவிட்டார். “அந்தக் குடியில அது ஓடுது” என்று வம்சத்தையே சேர்த்து ஊருக்குள் சொல்லியும்விட்டார்.

“நான் கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்” என்றார் யோகராசா. “நான் கண்ணில படாட்டி அவவும் மறந்திருவா.”

“மாமா வராட்டி எனக்கு அந்தக் கலியாணமே வேணாம்” என்றாள் விஜி. சத்தம் போடாமல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னாள்.

வராது என்று எந்த மெஷினும் சொல்ல முடியாது என்பதை நான் விளக்கினேன். இந்த நோய் ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர வேண்டும், அவற்றோடு வாழ்க்கையில் வேறு ஏதாவது தூண்ட வேண்டும். எல்லாம் இருந்தும் வராமல் போகலாம். செல்வராணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப வராது எண்டும் சொல்லலாம்தானே” என்றார்.

மூன்றாம் நாள் தன்னாமுனைப் பக்கம். மருத்துவர் கொடுத்திருந்த முகவரிகளுக்கு ரிஸ்வான் என்பவரின் ஆட்டோவில் போனேன். காத்தான்குடிக்காரர், முன்பு கத்தாரில் டிரைவராக இருந்தவர். ஆட்டோ மேட்டில் ஏறும்போதெல்லாம் நின்றது. நின்றபோதெல்லாம் அவர் இறங்கி, எதையோ ஒரு தட்டுத் தட்டி, “கத்தாரில ஏசிக்குள்ள இருந்து ஓட்டின கை இது” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

வீடுகள் எனக்குப் புதுமையாக இருந்தன. ஒரே வளவுக்குள் மூன்று நான்கு வீடுகள், எல்லாம் அக்கா தங்கைகளுடையவை. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவைக்கிறார்கள். எங்கள் ஊரில் அழுதுகொண்டே புகுந்த வீட்டுக்குப் போவது பெண். இங்கே பையைத் தூக்கிக்கொண்டு வருவது ஆண். அழுவாரா என்று ரிஸ்வானைக் கேட்டேன். “பொஞ்சாதிட ஊட்டுச் சாப்பாட்டப் பொறுத்தது” என்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன்: உங்கள் ஆட்களில் வேறு யாருக்கு இந்தத் தோல் வருத்தம், யாருக்கு ஈரலில் கொழுப்பு? தயங்காமல் சொன்னார்கள். பெரியம்மாவுக்கு, மாமாவுக்கு, அம்மம்மாவின் தங்கைக்கு. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் இருந்தால் நிறம் என்று நான் வரைந்துகொண்டே வந்தேன்.

அன்று மாலை அறையில் எல்லாத் தாள்களையும் கட்டிலில் பரப்பியபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. எந்தக் குடும்பத்திலும் நோய் தந்தை வழியில் வரவில்லை. எல்லாம் தாய் வழி. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும் மரபுப் பொருள் ஒன்று உண்டு. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. யாரும் இதுவரை கவனிக்காததை இந்த வாவிக்கரையில் நான் பார்த்துவிட்டேன் என்றே நினைத்தேன். வெளியே போய் ஒரு முழுச் சட்டித் தயிர் வாங்கி, பாணி என்கிற வெல்லப்பாகை ஊற்றித் தனியாகக் கொண்டாடினேன்.

காலையில் மருத்துவர் சுகந்தி தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“தகப்பன் பக்கம் எங்க?”

“அந்தப் பக்கம் யாருக்கும் இல்லை என்றார்கள்.”

“இல்லை எண்டு சொன்னவங்களா, இல்லாட்டி ஒண்டும் சொல்லல்லையா?”

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஊரில் ஒருவர் தாயின் குடியைச் சேர்ந்தவர். குடி என்றால் தாய் வழியாக வரும் வம்சம். பிள்ளைகளுக்கும் தாயின் குடிதான். கல்யாணம் வேறு குடியில்தான் செய்ய வேண்டும், ஆகவே தகப்பன் எப்போதும் வேறு குடிக்காரர். ‘உங்கள் ஆட்கள்’ என்று நான் கேட்டதும் அவர்கள் தங்கள் குடியைச் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் அக்காவுக்கு நோய் இருந்தால் அது அவர்களுடைய கணக்கு, இவர்களுடையது இல்லை.

“இதே கேள்விய உங்கட ஊரில கேட்டா என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டார் மருத்துவர்.

பங்காளிகளைச் சொல்வார்கள். பெரியப்பா, சித்தப்பா, அப்பத்தா. அம்மா வழியைக் கேட்டால்தான் சொல்வார்கள். எங்கள் ஊர்க் குடும்ப மரங்களில் பாதி இல்லாமல் போனதை நான் இத்தனை வருடம் கவனிக்கவே இல்லை. அது எனக்குப் பழகிய பாதி.

“எங்கட முஸ்லிம் ஆக்களுக்கும் குடிதான் தங்கச்சி” என்றார் ரிஸ்வான், நான் வெளியே வந்து சொன்னதும், ஆட்டோவைத் தட்டிக்கொண்டே. “இன்னொருக்காப் போவமா? ஆனா எல்லா ஊட்டிலயும் மறுகாத் தேத்தண்ணி குடிக்கணும், சொல்லிப்போட்டன்.”

குடித்தோம். அப்பாவின் தாய்க்கு என்ன, அப்பாவின் அண்ணனுக்கு என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். தாள்களின் வெறுமையான பக்கத்தில் நிறங்கள் வரத் தொடங்கின. என் கண்டுபிடிப்பு மதியத்துக்குள் காலி. வருத்தமாக இல்லை. மறைந்திருந்த பாதி மரம் கண்முன்னால் வளர்வதைப் பார்ப்பது பெரிய விஷயம்.

அடுத்த நாள் படுவான்கரைக்குப் போனோம். வாவியின் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, அது படும் பக்கம் படுவான்கரை. யோகராசாவின் வீடு அந்தப் பக்கம். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பாதை. ரிஸ்வானின் ஆட்டோ, நான், மருத்துவர், பல மோட்டார் சைக்கிள்கள், தயிர்ச் சட்டிகளோடு ஒரு பெண், இரண்டு ஆடுகள். நடு வாவியில் பாதையின் எஞ்சின் நின்றது.

“இப்ப உங்களுக்கு விளங்கும்” என்றார் ரிஸ்வான், மிகுந்த திருப்தியோடு. “என்ட ஆட்டோ மட்டும் இல்ல.”

எங்கும் தண்ணீர். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டதைத் தயிர்க்காரப் பெண் பார்த்தார். “பயப்படாத புள்ள. கழுத்தளவுதான். நடந்தே போகலாம்.”

“யாருடைய கழுத்தளவு?” என்று கேட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “ஓம், நீங்க கொஞ்சம் கட்டைதான்” என்றார்.

இரண்டு பேர் நீண்ட கம்புகளால் ஊன்றித் தள்ள, பாதை மெதுவாக நகர்ந்தது. மருத்துவர் தண்ணீரைக் காட்டினார். மழை நாட்களில் ஆறுகளும் குளங்களும் வந்து சேர இது இனிக்கும், கடல்வாய் திறந்தால் உப்பாகும் என்றார். தெற்குக் கோடியில் விழும் வெள்ளம் வடக்கே மீன்களுக்குத் தெரிந்துவிடுமாம். எனக்கு உடம்பு நினைவுக்கு வந்தது. கருவில் தோல் வெளியடுக்கிலிருந்து உருவாகிறது, கல்லீரல் உள்ளடுக்கிலிருந்து. ஆரம்பத்திலேயே பிரிந்துபோன இரண்டு. ஆனால் முழங்கைத் தோலில் உள்ள அணுக்கள் இன்டர்லூகின் என்ற வகைத் தூதுப் பொருட்களை வெளியிடுகின்றன. அவை இரத்தத்தில் இறங்கினால் கல்லீரல் வரை போகும். கல்லீரலும் வயிற்றுக் கொழுப்பும் அனுப்பும் தூது தோல் வரை வரும். இரண்டு நோய்களுக்கும் பின்னால் உள்ள மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை வேறு வேறுதான். ஒரே நோய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் தூது அனுப்பும் வழிகளுக்கு அருகில் சில இடங்களில் இரண்டும் சந்திப்பதாகத் தெரிகிறது. அந்தச் சில இடங்களைத் தேடித்தான் நான் இந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கரையில் பச்சை தொடங்கியது. வட்டை என்கிறார்கள், வயல் பரப்பை. கண் எட்டும் வரை நெல். அதன் ஓரத்தில் செல்வராணியின் வீடு. யோகராசா தன் மனைவியின் வீட்டிலிருந்து வந்து காத்திருந்தார். நண்டுக் கறியும் சோறும் முடியும்வரை யாரும் நோயைப் பற்றிப் பேசவில்லை. பிறகு நான் தாளை விரித்து, கற்றுக்கொண்டபடி கேட்டேன்.

“உங்கள் அப்பாவுக்கு?”

“அப்பாக்கு ஒண்டுமில்ல” என்றார் செல்வராணி.

“தோல் நன்றாக இருந்ததா?”

“முழங்கையிலயும் முதுகிலயும் கொஞ்சம் வெள்ளையா உதிரும். அது உப்புத்தண்ணி. அவர் வலை வீசுறவர்தானே.”

“அவரோடு வலை வீசிய மற்றவர்களுக்கும் உதிர்ந்ததா?”

செல்வராணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். யோகராசா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்ல” என்றார் அவர். “ஒருத்தருக்கும் இல்ல.” பிறகு, “அப்ப இது அப்பாட வருத்தமா?” என்றார்.

அவசரப்பட்டுச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் தோன்றுகிறது என்றேன். அவர் தன் கைகளைப் பார்த்தார். தகப்பனுக்கு வந்ததைத் தண்ணீர்மேல் போட்டிருக்கிறார்கள். மகனுக்கு வந்தபோது அவர் வலை வீசாதவர் என்பதால் தாயின் குடிமேல் போட்டுவிட்டார்கள். இளவயதிலிருந்து அந்த மனிதர் தன் தாயையும் தங்கையையும் தன்னால் அழுக்கானவர்களாக நினைத்து வாழ்ந்திருக்கிறார்.

“அம்மப்பா எந்தக் குடி எண்டு தெரியுமா மிஸ்?” என்றாள் விஜி மெதுவாக. “பாக்கியம் மாமிட குடி. மாமிட தாயும் அம்மப்பாவும் கூடப்பிறந்தவங்க.”

இரண்டு குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்திருக்கின்றன. பாக்கியமும் செல்வராணியும் மச்சாள் முறை.

செல்வராணி எழுந்தேவிட்டார். “இப்பவே போறன். எங்கட குடியாம் குடி! அவட நாக்க...”

“இரி” என்றார் யோகராசா. “செத்த மனிசன இழுக்காத. அப்பாவ வெச்சுச் சண்ட பிடிச்சுத்தான் கலியாணம் நடக்கணும் எண்டா, நடக்க வேணாம்.”

மருத்துவரும் தடுத்தார்: மாமனுக்கு இருந்ததால் பாக்கியத்துக்கு இருக்க வேண்டும் என்றில்லை, இருந்தாலும் அது அவருடைய சொந்த விஷயம். செல்வராணி உட்கார்ந்தார். ஆனால் பாத்திரங்களைக் கழுவும் சத்தத்தில் அவர் மனம் முழுவதும் கேட்டது.

மறுநாள் அந்த ஊரின் பொது மண்டபத்தில் ஈரல் ஸ்கேன் வைத்திருந்தோம். யோகராசாவுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்க நினைத்த மாத்திரை ஈரலைச் சோதிக்காமல் தொடங்கக் கூடாதது. மற்றவர்களும் வரலாம் என்று சொல்லியிருந்தோம். ஊரே வந்துவிட்டது, அதுவும் வெறும் வயிற்றில். பசியோடு உள்ள கூட்டத்தின் பேச்சில் ஒரு கூர்மை இருக்கிறது.

வரிசையில் பாக்கியமும் இருந்தார். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த நடை. சோதிக்க வரவில்லை, செல்வராணியின் ஆட்களுக்கு இந்தியா மிஸ் என்ன சொல்கிறார் என்று பார்க்க வந்தேன் என்று ஒளிக்காமல் சொன்னார். யோகராசாவின் ஈரலில் லேசான கொழுப்பு இருந்தது. முடிவை அவர் காதில் மட்டும் மருத்துவர் சொன்னார். பாக்கியத்துக்கு அது பிடிக்கவில்லை.

“வந்தனீங்க, நீங்களும் ஏறிப் படுங்களன்” என்றார் மருத்துவர்.

“எனக்கு என்னத்துக்கு? சாராயத்த நான் மூக்கால மணந்தும் பாத்ததில்ல. என்ட உடம்பப் பாருங்க. இதில எங்க கொழுப்பு?”

“உனக்கு வாயிலதான், பாக்கியம்!” என்று வரிசையிலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பதிலடியாகத்தான் பாக்கியம் கட்டிலில் ஏறிப் படுத்தார் என்று நினைக்கிறேன்.

திரைச்சீலைக்குள் மருத்துவர், அவர், நான். கருவியை விலாவுக்குக் கீழே வைத்ததும் திரையில் ஈரல் வந்தது. நல்ல ஈரல் பக்கத்துச் சிறுநீரகத்தைப் போலவே ஏறக்குறைய சாம்பலாகத் தெரிய வேண்டும். இது மழைக்குப் பிறகு வெயில் பட்ட வாவி போல வெளுத்து மின்னியது. மருத்துவர் பாக்கியத்தின் கையை எடுத்து நகங்களைப் பார்த்தார். ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள்.

“இது எவ்வளவு காலமா?”

“அது உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தால.”

“காதுக்குப் பின்னால என்ன?”

“பொடுகு. எண்ணெய் வைக்கிறன்.”

மருத்துவர் கூந்தலை விலக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவந்த தடிப்பு, வெள்ளைச் செதில். சந்தேகமே இல்லை.

மருத்துவர் மெதுவாகச் சொன்னார். ஈரலில் கொழுப்பு இருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கவனிக்க வேண்டும். பொடுகு பொடுகு அல்ல. பாக்கியம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

“யோகராசாட வருத்தமா?”

யார் பெயரையும் மருத்துவர் எடுக்கவில்லை. “சொரியாசிஸ்” என்று மட்டும் சொன்னார்.

“அதுதான் அது. எனக்கு எப்படி வரும்? நான் வேற குடி.”

எனக்குப் பதில் தெரியும். அது முந்தைய நாள் இன்னொரு வீட்டில், இன்னொருவர் நம்பிச் சொன்னது. ஆகவே எல்லோரிடமும் கேட்பதை மட்டும் கேட்டேன். “உங்கள் தாய்க்கு? தாயின் கூடப்பிறந்தவர்களுக்கு?”

அவர் விரல் மடக்கினார். “அம்மாக்கு இல்ல. சின்னம்மாக்கு இல்ல. மாமாக்கு…” விரல் நின்றது. “மாமாக்கு உப்புத்தண்ணி…”

அவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் ஒரு முழு மரம் தன்னைத்தானே வரைந்துகொள்வதை நான் பார்த்தேன். எங்கள் மென்பொருளுக்குச் சில மணி நேரம் பிடிக்கும் வேலை. தாய்வழி மாமன், அவர் கல்யாணம் முடித்துப் போன வீடு, அந்த வீட்டில் பிறந்த யோகராசா. இந்தப் பக்கம் பாக்கியம். அங்கே பெரும்பாலும் உதிரும் தோலாக, இங்கே பெரும்பாலும் வெளுத்த ஈரலாக. அந்த மாமனையும் பாக்கியத்தின் தாயையும் பெற்றவர்களிடமிருந்து வந்திருக்கக்கூடிய ஏதோ ஒன்று இரண்டு வீடுகளுக்குள் இரண்டு உருவம் எடுத்திருக்கிறது.

பாக்கியம் சேலையைச் சரிசெய்துகொண்டு திரைச்சீலையை விலக்கினார். நாங்கள் தடுப்பதற்குள் மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

“செல்வராணி! இஞ்ச வாடி!”

செல்வராணி சண்டைக்குத் தயாராகவே வந்தார்.

“எனக்கும் அதுதானாம். தோலிலயும் இரிக்காம், ஈரலிலயும் இரிக்காம். எங்கட மாமா உங்கட ஊட்டுக்குக் கலியாணம் முடிச்சு வரக்குள்ள கொண்டு வந்தது. நான் உங்கட குடியச் சொன்னன்.”

மண்டபத்தில் பசியைக்கூட மறந்துவிட்டார்கள். செல்வராணி சொல்லச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்து நின்றுவிட்டது. யோகராசாதான் பேசினார். “அப்பாவ ஒண்டும் சொல்லாத மச்சாள்.”

“ஆர் சொன்ன? என்ட மாமா எண்டுதான் சொல்றன். மனிசன் வலை வீசி வந்து எனக்கு எவ்வளவு இறால் தந்தவர்.” பாக்கியம் மூக்கை உறிஞ்சினார். “நீங்க எந்த நாள் கிளினிக் போற? நானும் வாறன். தனியப் போக வெக்கமாக் கிடக்கு. கலியாணத்துக்கு நாளும் நீங்கதான் பாக்கணும். தாய்மாமன் பாக்காம ஆர் பாக்கிற?”

“பாக்கிறன்” என்றார் யோகராசா.

ஸ்கேன் முடிந்ததும் எல்லோரும் மண்டப வாசலில் புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். விஜி தன் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மிஸ், இப்ப உண்மையச் சொல்லுங்க. எங்கட பக்கமும் இரிக்கு, அவங்கட பக்கமும் இரிக்கு. அப்ப எங்கட பிள்ளைக்கு?”

கல்யாணம் இப்போதுதான் மீண்டிருந்தது. நான் சொல்லப்போவது அதை மறுபடி நிறுத்தலாம். ஆனாலும் அவள் கேட்டது உண்மையை. இரண்டு பக்கமும் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்றேன். வரும் என்று சொல்ல முடியாது, வராமலே போகலாம். வந்தால் தோலிலா ஈரலிலா இரண்டிலுமா என்றும் சொல்ல முடியாது. ஏன் ஒருவருக்கு அங்கே, ஒருவருக்கு இங்கே என்பது எங்களுக்கும் இன்னும் சரியாகத் தெரியாது.

அவள் கொஞ்ச நேரம் புட்டைப் பிசைந்தாள். எதிரே யோகராசாவின் நகங்களையும் தன் நகங்களையும் பாக்கியம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்குக் குழி அதிகம் என்பதில் இருவருக்கும் ஏதோ தகராறு.

“அம்மப்பாக்கு வந்ததுக்குத் தண்ணி எண்டு சொன்னாங்க” என்றாள் விஜி. “மாமாக்கு வந்ததுக்குக் குடி எண்டு சொன்னாங்க. என்ட பிள்ளைக்கு வந்தா, நான் பேரச் சொல்லுவன். எந்தக் கிளினிக், எத்தினை மணிப் பஸ் எண்டும் சொல்லுவன்.”

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, தன் மாமன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கல்யாண நாளைக் குறிக்கச் சொன்னாள்.